சீனன்குடாவின் எண்ணெய், சம்பூரின் நிலக்கரி, துபாயின் ஒரு வசனம்

திருகோணமலைக்குச் சுற்றுலா போகிற ஆக்கள் கோணேசர் கோயிலைப் பார்ப்பார்கள், நிலாவெளியில் குளிப்பார்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நின்று படம் எடுப்பார்கள். சீனன்குடாப் பற்றைக்காட்டுக்குள் வரிசையாக நிற்கிற எண்ணெய்க் குதங்களைப் பார்க்க யாரும் பஸ் ஏறி வருவதில்லை. ஆனால் உலகம் எரிபொருளைப் பற்றி எப்படி முடிவெடுக்கிறது என்று விளங்கிக்கொள்ள, இந்தத் துறைமுகத்தை விட நல்ல பாடப்புத்தகம் எங்களுக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? கடந்த நூறு வருடத்தில் எரிபொருள் மாறின ஒவ்வொரு தடவையும் அந்த மாற்றம் இந்தக் குடாவுக்குள் ஒரு தடயத்தை விட்டிட்டுப் போயிருக்கிறது. முதலில் கப்பல் எண்ணெய், பிறகு நிலக்கரி, இப்போது வெயில். பெரும்பாலும் முடிவு வேறெங்கோ எழுதின ஒரு கடிதத்திலோ, ஒப்பந்தத்திலோ இருந்தது. காணி மட்டும் இங்கே இருந்தது. ஒரே ஒரு தடவை, 2016இல், இங்கே வர இருந்த நிலக்கரி வராமலே போனது. அது எப்படி நடந்தது, அதற்கும் காலநிலை மாநாடுகளில் சண்டை பிடிக்கிற சொற்களுக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கப்பலுக்கு எண்ணெய் வந்த கதை

19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியக் கடற்படை ஓடினது நிலக்கரியில். 1911இல் கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சராக வந்த வின்ஸ்டன் சேர்ச்சில், போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்றும் வேலையை வேகப்படுத்தினார். காரணம் சுலபம். ஒரு தொன் எண்ணெய், ஒரு தொன் நிலக்கரியை விடக் கூடுதல் சக்தி தரும். அடுப்புக்குள் சவளால் அள்ளிப்போட ஒரு பட்டாளமே தேவையில்லை. பிரச்சினை ஒன்றுதான்: பிரித்தானியாவிடம் நிலக்கரி தாராளமாக இருந்தது, எண்ணெய் இருக்கவில்லை. அதனால் 1914இல் அந்த அரசாங்கம், பாரசீகத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ஆங்கிலோ-பேர்சியன் கம்பனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. இன்றைய பிபி கம்பனியின் ஆதி அதுதான்.

எண்ணெய் இருக்கிறது பாரசீகத்தில். கப்பல்கள் போக வேண்டியது சிங்கப்பூர் வரை. நடுவில் எங்கேயாவது சேமித்து வைக்கத்தானே வேணும்? ஆழமான, காற்றுக்கு மறைவான இயற்கைத் துறைமுகம் ஒன்று இலங்கையின் கிழக்கில் இருந்தது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு தொடங்கி 1930கள் வரை, சீனன்குடாவில் 101 எண்ணெய்க் குதங்கள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10,000 தொன் எண்ணெய் நிரப்பலாம். முழுவதையும் நிரப்பினால் பத்து லட்சம் தொன். நாடு சிறிது, பாவனையும் சிறிது. இவ்வளவு எண்ணெய் எங்களுக்காக இல்லை என்பது கட்டின நாளிலேயே தெளிவு.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கினபோது ஒரு குதம் எரிந்துபோனது. பின்னாளில் இன்னொன்றும் போனது. இன்று 99 என்று கணக்கு. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் காலத்தில் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1960களில் குதங்கள் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தன. வந்தும் பெரும்பாலானவை வெறுமையாகவே கிடந்தன. பேரரசுக் கடற்படைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை ஒரு சின்ன நாட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

ஆனால் வெறுமையாகக் கிடந்த குதங்களை யாரும் மறக்கவில்லை. 1987 ஜூலை 29ஆம் திகதி கைச்சாத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையை எங்கள் சனம் மாகாண சபைக்காகவும் அமைதிப்படைக்காகவும் ஞாபகம் வைத்திருக்கிறது. அதே நாளில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலை எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இயக்கும் வேலையை இரண்டு நாடுகளும் கூட்டாகச் செய்யும் என்று ஒரு வரி இருந்தது. திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக வேறு நாட்டின் இராணுவப் பாவனைக்குக் கொடுபடாது என்று இன்னொரு வரி. வடக்கு கிழக்குத் தமிழரின் தலைவிதியைப் பேசின ஒரு உடன்படிக்கையோடு எண்ணெயும் சேர்ந்தே வந்தது.

பிறகு 2003இல் 99 குதங்களையும் 35 வருடத்துக்கு, வருடத்துக்கு ஒரு லட்சம் டொலர் வீதம், லங்கா ஐஓசி கம்பனிக்குக் கொடுக்கும் ஏற்பாடு. கீழ்ப்பக்கமுள்ள பதினைந்தளவு குதங்களைத்தான் அந்தக் கம்பனி பாவித்தது. 2022 ஜனவரியில் புது ஒப்பந்தங்கள்: 14 குதங்கள் லங்கா ஐஓசிக்கு, 24 குதங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61உம் இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டுக் கம்பனிக்கு. அந்தக் கூட்டுக் கம்பனியில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு, 49 வீதம் லங்கா ஐஓசிக்கு. அந்த நேரம் நாட்டின் டொலர் கையிருப்பு வழித்துத் துடைத்தது மாதிரி. அடுத்த மாதமே எரிபொருள் வாங்க இந்தியா 50 கோடி டொலர் கடன் தந்தது. பிறகு வந்த பெற்றோல் கியூக்களையும் கியூஆர் கோட்டையும் இதை வாசிக்கிற பலர் வாழ்ந்து பார்த்திருப்பீர்கள். எரிபொருள் என்பது ஒரு நாட்டின் கழுத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

சம்பூரில் வர இருந்தது

சீனன்குடாவிலிருந்து தெற்கே பார்த்தால் கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை கடலோடு சேர்கிற இடம். அதன் மறுகரையில் மூதூர். மூதூருக்குக் கிழக்கே சம்பூர். வயல், மாடு, மீன்பிடி என்று வாழ்ந்த ஊர்.

2006 ஏப்ரலில் தொடங்கின குண்டுவீச்சிலும் ஷெல்லடியிலும் சம்பூர்ச் சனம் ஓடினது. செப்டம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. அதே வருடம் டிசம்பரில், அந்தச் சனம் முகாம்களில் இருக்கும்போதே, இலங்கை அரசும் மின்சார சபையும் இந்தியாவின் என்டிபிசி நிறுவனமும் திருகோணமலையில் 500 மெகாவாற்று அனல்மின் நிலையம் கட்ட உடன்பட்டன. 2007 மே மாதம் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்தன. ஆக்கள் இல்லாத ஊருக்குள் நிலக்கரித் திட்டம் வந்து உட்கார்ந்தது.

இந்த வரிசையை ஒருக்கால் திரும்ப வாசியுங்கள். காலநிலை மாநாடுகளில் நிலக்கரி என்றால் தொன் கணக்கும் வெப்பநிலைக் கணக்கும்தான் பேசப்படும். சம்பூரில் நிலக்கரி என்பது முதலில் காணிப் பிரச்சினை. கிளிவெட்டி மாதிரி முகாம்களில் வருடக்கணக்காக இருந்த குடும்பங்களுக்கு, மின் நிலையம் வருமா வராதா என்பதும் வீட்டுக்குப் போகலாமா போகேலாதா என்பதும் ஒரே கேள்வி.

2011இல் மின்சார சபையும் என்டிபிசியும் சேர்ந்து ஒரு கூட்டுக் கம்பனி தொடங்கின. 2013இல் மின்சாரம் வாங்கும் ஒப்பந்தமும் கைச்சாத்தானது. சூழல் தாக்க மதிப்பீடு வெளியில் வந்தபோது கேள்விகள் கூடின. குளிரூட்டப் பாவித்த கடல்நீரைச் சூடாகத் திரும்ப விட்டால் மீனுக்கு என்ன நடக்கும்? சாம்பலை எங்கே கொட்டுவது? புத்தளம் மாவட்டத்தில் 2011இல் இயங்கத் தொடங்கின நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலும் தூசியும் பற்றி அந்த ஊர்ச் சனத்தின் முறைப்பாடுகள் ஏற்கனவே செய்திகளில் வந்துகொண்டிருந்தன. சம்பூருக்கு எதிர்காலத்தைக் கற்பனை பண்ணத் தேவை இருக்கவில்லை. மேற்குக் கரையில் பார்த்தால் தெரியும்.

2015இல் ஆட்சி மாறினது. கைத்தொழில் வலயத்துக்கென்று எடுத்த 818 ஏக்கரை விடுவிக்கும் வர்த்தமானி வந்தது. சனம் திரும்பி வந்து பற்றை வெட்டினது. கடற்படை முகாம் இருந்த காணி 2016 மார்ச்சில் கிடைத்தது. திரும்பி வந்த சனம்தான் அனல்மின் நிலையத்துக்கு எதிரான போராட்டத்துக்கு முகம் கொடுத்தது. மூதூர்ப் பக்கமும் திருகோணமலை நகரிலும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. கொழும்பில் சூழல் அமைப்பு ஒன்று, சுற்றாடல் மன்றம், உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 செப்டம்பரில் சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது: சம்பூரில் அனல்மின் நிலையம் கட்டுவதில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்துவிட்டது.

இதில் வேறு காரணங்களும் உண்டு. டில்லிக்கும் கொழும்புக்கும் இடையில் நிலக்கரிக்குப் பதிலாக இயற்கை வாயு, சூரிய மின் என்று பேச்சு ஏற்கனவே திரும்பிவிட்டது. சனம் மட்டும் தனியாக நின்று வென்றது என்று சொன்னால் அது அழகான கதை, முழுக்கதை இல்லை. ஆனால் ஆக்கள் திரும்பி வராமல், ஊர் வெறுமையாகவே இருந்திருந்தால், அந்த நிலையம் எப்போதோ எழும்பியிருக்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

முக்கியமான விஷயம் அந்த முடிவு வந்த விதம். கட்டுவதில்லை. அவ்வளவுதான். புகையைப் பிடிக்கிற மெசின் பூட்டினால் கட்டலாம் என்ற இழுபறி அதில் இல்லை.

கிளாஸ்கோவில் ஒரு சொல்

இப்ப உலக மேசைக்கு வருவோம். 1992இல் ஐநாவின் காலநிலை உடன்படிக்கை எழுதப்பட்டது. 2015இல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தது. பாரிஸ் ஒப்பந்தத்தில் எங்கே தேடினாலும் நிலக்கரி, எண்ணெய் என்ற சொற்கள் கிடையாது. வீட்டில் நெருப்புப் பிடித்ததைப் பற்றி முப்பது வருடம் கூட்டம் போட்டு, நெருப்புப்பெட்டியின் பெயரைச் சொல்லாமலே இருந்த மாதிரி.

2021 செப்டம்பரில், புதிய நிலக்கரி மின் நிலையம் கட்டுவதில்லை என்று ஏழு நாடுகள் ஐநாவில் ஒரு இணக்கத்தை வெளியிட்டன. டென்மார்க், பிரான்ஸ், ஜேர்மனி, பிரித்தானியா, சிலி, மொன்டனீக்ரோ, இலங்கை. ஆமாம், இலங்கை. சம்பூரைக் கைவிட்டிருக்காவிட்டால் அந்த மேசையில் எந்த முகத்தோடு இருந்திருப்பார்கள்? ஆனால் அந்த இணக்கத்தின் வாசகத்தில் ஒரு அடைமொழி இருந்தது: "தணிக்கப்படாத" நிலக்கரி. அதாவது புகையில் வரும் காபனீரொட்சைட்டைப் பிடிக்காமல் அப்படியே வானத்துக்கு விடுகிற நிலக்கரி. பிடித்தால்? பிடித்தால் பரவாயில்லை என்று அர்த்தம்.

இரண்டு மாதம் கழித்து கிளாஸ்கோவில் கொப் 26. வரைவில் தணிக்கப்படாத நிலக்கரியைப் படிப்படியாக ஒழித்தல், பேஸ் அவுட், என்று இருந்தது. கடைசி நிமிடத்தில் இந்தியாவின் அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழும்பி அதைப் படிப்படியாகக் குறைத்தல், பேஸ் டவுன், என்று மாற்றச் சொன்னார். மாறினது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மேடையிலேயே மன்னிப்புக் கேட்டு, குரல் தழுதழுத்து நின்றதை அந்த நேரம் எல்லாரும் பகிர்ந்தார்கள்.

இந்தியாவை வில்லனாக்குவது லேசு. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது: ஏழைகள் எரிக்கிற நிலக்கரியை மட்டும் ஏன் பெயர் சொல்கிறீர்கள், பணக்கார நாடுகள் எரிக்கிற எண்ணெயையும் வாயுவையும் ஏன் விட்டீர்கள்? அடுத்த வருடம் எகிப்தில் எல்லாச் சுவட்டு எரிபொருளையும் சேர்க்க வேணும் என்று இந்தியாவே கேட்டது. அதற்கு எண்ணெய் நாடுகள் விடவில்லை. இந்த நியாயம் எங்களுக்கும் பொருந்தும். ஒரு இலங்கையர் வருடத்துக்கு வெளிவிடுகிற காபனீரொட்சைட்டு ஏறக்குறைய ஒரு தொன். உலக சராசரி நான்கு தொன்னுக்கும் மேல்.

2023 டிசம்பர் 13, துபாய், கொப் 28. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சுவட்டு எரிபொருளை ஒழிக்கும் வசனத்தைக் கேட்டன. தலைமை தாங்கினவர் சுல்தான் அல் ஜாபர்; அபுதாபி அரசின் எண்ணெய்க் கம்பனிக்கும் அவர்தான் தலைவர். கடைசியில் வந்தது ஒழித்தலும் இல்லை, குறைத்தலும் இல்லை: எரிசக்தித் துறையில் சுவட்டு எரிபொருளிலிருந்து, நீதியான, ஒழுங்கான, சமத்துவமான முறையில் விலகிச் செல்லுதல். முப்பது வருடத்தில் முதல் தடவையாக நெருப்புப்பெட்டியின் முழுப்பெயர் வாசகத்தில் வந்தது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதே பந்தியில் காபன் பிடிப்புத் தொழில்நுட்பத்தை வேகப்படுத்தச் சொல்லும் வரியும் இருந்தது. அடுத்த பந்தியில் இடைக்கால எரிபொருள்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று வந்தது; வாயுவைத்தான் சொல்கிறார்கள். தலைவர் சுத்தியலைத் தட்டினபோது சின்னத் தீவு நாடுகளின் பிரதிநிதிகள் மண்டபத்துக்குள்ளேயே இருக்கவில்லை. அதைச் சமோவாவின் பிரதிநிதி உள்ளே வந்து சபைக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

பிடிக்கலாமா, பிடிக்கேலாதா?

காபன் பிடிப்பு என்பது கட்டுக்கதை இல்லை. வேலை செய்கிற விதம் இப்படி: புகையை அமைன் என்ற இரசாயனக் கரைசலுக்குள் விடுவார்கள். கரைசல் காபனீரொட்சைட்டை உறிஞ்சும். பிறகு சூடாக்கினால் வாயு தனியாக வரும். அதை அமுக்கிக் குழாயில் அனுப்பி, நிலத்துக்கு அடியில் பஞ்சு மாதிரி நுண்துளை உள்ள பாறைக்குள் செலுத்துவார்கள். மேலே வாயு கசியாத மூடுபாறை இருக்க வேணும். நோர்வேயின் ஸ்லைப்னர் வாயு வயலில் 1996 முதல் இது நடக்கிறது. நல்ல வருடங்களில் பத்து லட்சம் தொன் அளவுக்கு உள்ளே போனது.

இப்ப சம்பூருக்கு நாங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 மெகாவாற்று நிலையம் வருடத்தில் 80 வீத நேரம் ஓடினால் ஏறக்குறைய 350 கோடி யூனிற் மின்சாரம். நிலக்கரியில் ஒரு யூனிற்றுக்கு 0.9 கிலோ அளவில் காபனீரொட்சைட்டு. ஆக, வருடத்துக்கு 30 லட்சம் தொன். அதாவது சம்பூர் ஒன்றுக்கே மூன்று ஸ்லைப்னர் வேணும். பிடிக்கவும் அமுக்கவும் நிலையத்தின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகும். அதற்கு இன்னும் கூட நிலக்கரி எரிக்க வேணும்.

பிடித்ததை எங்கே புதைப்பது? இலங்கையின் பெரும்பகுதி பழைய படிகப் பாறை. கோணேசர் மலையைத் தட்டிப் பாருங்கள், அதற்குள் வாயு போகுமா? நுண்துளைப் படிவுப்பாறை இருப்பது மறுகரையில், மன்னார்ப் பக்கக் கடலடியில். கிழக்கிலிருந்து மேற்குக்கு நாட்டைக் குறுக்கறுத்துக் குழாய் போட வேணும். பெற்றோலுக்கே டொலர் இல்லாமல் நின்ற நாடு.

மற்ற இடங்களில் நடந்ததைப் பார்ப்போம். கனடாவின் பவுண்டரி டாம் நிலக்கரி நிலையத்தில் 2014இல் தொடங்கினார்கள். 90 வீதம் பிடிப்பது திட்டம். நடைமுறையில் அதை எட்டமுடியாமல் இழுபட்டது. அமெரிக்காவின் டெக்சாஸில் பெட்ரா நோவா 2017இல் தொடங்கி, 2020இல் எண்ணெய் விலை விழுந்ததும் நின்றது. 2023இல்தான் திரும்ப ஓடினது. எண்ணெய் விலைக்கும் காபன் பிடிப்புக்கும் என்ன சம்பந்தம்? பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றுக்குள் செலுத்தி, மிச்ச எண்ணெயை வெளியே தள்ள விற்றார்கள். உலகில் பிடிக்கிற காபனீரொட்சைட்டில் பெரும்பகுதி இன்றைக்கும் போகிற இடம் இதுதான். உலகம் முழுக்கச் சேர்த்தால் வருடத்துக்கு 5 கோடி தொன் அளவுக்குப் பிடிக்க வசதி இருக்கிறது. எரிசக்தியால் வெளிவருவது 3,700 கோடி தொன். ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

எங்களுக்குப் பக்கத்திலும் ஒரு உதாரணம் உண்டு. தூத்துக்குடியில் ஒரு அல்கலி இரசாயனத் தொழிற்சாலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து வருடத்துக்கு 60,000 தொன் வரை பிடித்து சோடா உப்புச் செய்யும் வசதியை 2016இல் தொடங்கினது. மானியம் இல்லாமல் செய்தார்கள் என்று உலகச் செய்தியானது. கெட்டித்தனம்தான். ஆனால் சோடா உப்பைப் போட்டுக் கண்ணாடி உருக்கினால் அதே காபனீரொட்சைட்டு திரும்ப வெளியே வந்துவிடும். பிடிப்பது வேறு, புதைப்பது வேறு.

அப்படியென்றால் இந்தத் தொழில்நுட்பம் எதற்குமே வேண்டாமா? சீமெந்தை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைத் துறைமுகத்திலேயே ஒரு சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. கிளிங்கரைக் கப்பலில் இறக்கி இங்கே அரைக்கிறார்கள். கிளிங்கர் செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே காபனீரொட்சைட்டு வரும். நிலக்கரிக்குப் பதில் வெயிலில் சுட்டாலும் அது வரும். அங்கே பிடிப்பதைத் தவிரப் பெரிய வழி இல்லை. வேறு வழி இல்லாத இடத்துக்கு வைத்திருக்க வேண்டிய மருந்தை, வேறு வழி தாராளமாக இருக்கிற மின்சாரத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கள் பிரச்சினை மருந்தோடு இல்லை, மருந்துச் சீட்டோடு.

"தணிக்கப்பட்டது" என்றால் எத்தனை வீதம் பிடிக்க வேணும் என்று மாநாட்டு வாசகங்கள் வரையறுக்கவில்லை. ஐபிசிசி விஞ்ஞானிகள் தங்கள் அறிக்கையின் ஒரு அடிக்குறிப்பில், மின் நிலையம் என்றால் 90 வீதமோ அதற்கு மேலோ பிடிப்பதை உதாரணமாகச் சொல்கிறார்கள். அந்த இலக்கம் அடிக்குறிப்பிலேயே நிற்கிறது. 2006இல் அந்தச் சொல் இவ்வளவு பிரபலமாக இருந்திருந்தால், சம்பூர்த் திட்டத்தின் முன்பக்கத்தில் அது இருந்திருக்கும். பிறகு பிடிப்போம், இடம் விட்டு வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி எழுதினால் போதும்தானே.

வெயிலுக்கும் காணி வேணும்

சரி, நிலக்கரி போனது. காணி?

அனல்மின் நிலையத்துக்கென்று ஒதுக்கின காணி சனத்திடம் திரும்பவில்லை. அங்கேதான் இப்போது என்டிபிசியும் மின்சார சபையும் சேர்ந்து சூரிய மின் நிலையம் அமைக்கின்றன. 50 மெகாவாற்றும் 70 மெகாவாற்றுமாக இரண்டு கட்டம். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி நரேந்திர மோடியும் அநுரகுமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்து இணையவழியில் வேலையை ஆரம்பித்து வைத்தார்கள். 500 மெகாவாற்று நிலக்கரி வர இருந்த இடத்தில் 120 மெகாவாற்று வெயில். காலநிலைக் கணக்கில் இது வெற்றி. இதை நாங்கள் மனதார ஏற்கிறோம்.

அதே நாளில் இன்னொரு கடதாசியும் கைச்சாத்தானது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்த முத்தரப்பு உடன்பாடு. இந்தியாவிலிருந்து எரிபொருள் கொண்டுவரும் குழாய்ப் பாதை, சீனன்குடாக் குதங்களின் அபிவிருத்தி எல்லாம் அதன் பேச்சில் உண்டு. துபாயில் விலகிச் செல்லுதல் என்ற வசனத்தை நிறைவேற்றிப் பதினாறு மாதம். வசனத்துக்கு மேசை போட்ட நாடே, எங்கள் குடாவில் எண்ணெய்க்கும் மேசை போடுகிறது. இதில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. வசனத்தில் திகதி கிடையாது, யார் முதலில் விலக வேணும் என்றும் கிடையாது. அதனால் இரண்டையும் ஒரே கையால் எழுதலாம்.

2025இலேயே சீனன்குடாவுக்குப் பக்கத்தில் முத்துநகர் விவசாயிகள், தாங்கள் பல வருடமாக விதைத்த வயல் சூரிய மின் திட்டங்களுக்குப் போவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். காணி துறைமுக அதிகாரசபைக்கு உரியது என்பது அரசின் வாதம். வயலும் குளமும் எங்கள் உழைப்பு என்பது விவசாயிகளின் வாதம். நிலக்கரிக்கு எதிராக நின்ற நாங்கள் இங்கே என்ன சொல்லப் போகிறோம்? வெயில் நல்லது, அதனால் வாயை மூடு என்று அந்தச் சனத்திடம் சொல்லலாமா? பாதுகாப்பு என்று சொல்லி எடுத்த காணியும், அபிவிருத்தி என்று சொல்லி எடுத்த காணியும், பசுமை என்று சொல்லி எடுக்கிற காணியும் வேலிக்கு வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றுதான். துபாய் வசனத்தில் விலகிச் செல்லுதலுக்கு முன்னால் "நீதியான" என்று ஒரு சொல் இருந்ததே, அதற்கு அர்த்தம் இங்கேதான் தேட வேணும். கூரைகள் இருக்கின்றன, தரிசுகள் இருக்கின்றன. விதைக்கிற வயலில் தொடங்கத்தான் வேணுமா?

2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில் கொப் 30. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சுவட்டு எரிபொருளிலிருந்து விலக ஒரு வழிவரைபடம் கேட்டன. இறுதி முடிவில் அந்தச் சொல்லே இல்லை. மாநாடு முடிந்து ஒரு கிழமைக்குள், நவம்பர் 28ஆம் திகதி, டித்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட்டது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையகத்தில் பெய்த மழை மகாவலியால் இறங்கி, மூதூர், வெருகல் பக்கத்தை மூடினது. நிலக்கரி வேண்டாம் என்று சொன்ன ஊர்களின் பக்கத்துக்கே தண்ணீர் வந்தது. காற்று, எந்த ஊர் எவ்வளவு எரித்தது என்று விசாரித்து வருவதில்லை.

இனி ஒரு சின்னக் கணக்கு. 2050இல் காபன் நடுநிலையை அடைவதாக இலங்கை ஐநாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. சீனன்குடாக் குதங்களுக்கு 2022இல் எழுதின குத்தகைகள் 50 வருடத்துக்கு. அதாவது 2072 வரை. இரண்டு கடதாசிக்கும் இடையில் 22 வருடம் இடிக்கிறது. 2050இல் அந்தக் குதங்களுக்குள் என்ன இருக்கும் என்று மாகாண சபையிலோ பாராளுமன்றத்திலோ யாராவது கேட்டிருக்கிறார்களா? இன்று இருபது வயதில் இருக்கிறவருக்கு அப்போது நாற்பத்தைந்து. திருகோணமலையில் அடுத்த முறை ஒரு திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்டு அறிவித்தல் ஒட்டினால், போய் அந்த இரண்டு வருடங்களையும் சொல்லிக் கேளுங்கள். பதிலில் "தணிக்கப்பட்ட" என்ற சொல் வந்தால், எத்தனை வீதம், எங்கே புதைப்பீர்கள், யாருடைய காணி என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.